விரிசலின் ஆரம்பம்

பட்டறை ஜன்னல் வழியாக விழும் காலை வெயிலில், விரிசல் விட்டுத் திரும்பி வந்த மலை சைக்கிளின் ஃபிரேம் மேசைமேல் கிடக்கிறது. அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து நடத்தும் சின்ன சைக்கிள் கம்பெனி அது. அவள் குழாய்களைப் பற்றவைக்கிறாள், அவன் விற்கிறான், இதுவரை வெளியே போனவை நாற்பது. ஓட்டியவருக்கு அடி ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. இப்போது குழாயை நெடுக அறுத்துப் பிளந்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறாள். மயிரிழை போல ஓடும் விரிசலை நகத்தால் தொட்டுக்கொண்டே அது வந்த வழியில் போகிறாள். அவள் பற்றவைத்த இடம் அப்படியே அலுங்காமல் இருக்கிறது. விரிசல் அதைத் தாண்டி, பிரேக் கேபிளுக்காகப் போட்ட துளையில் போய் முடிகிறது. துளையின் ஓரத்தில் விரலை ஓட்டுகிறாள், அரத்தால் தேய்க்காமல் விட்ட உலோகப் பிசிர் குத்துகிறது. "இங்கேருந்துதான் கிளம்பியிருக்கு!" என்று விடுகதையை அவிழ்த்துவிட்டவள் போலச் சிரிக்கிறாள். துளை போட்டது தன் கைதான் என்பது உறைத்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிவிடுகிறது.

"பெரிய கம்பெனின்னா மெஷின்ல போட்டு லட்சம் தடவை குலுக்கிப் பாத்துட்டுத்தான் விப்பான். நமக்கு அதுக்கெல்லாம் ஏது வழி, அண்ணி?" என்கிறான் கொழுந்தன். "ஒண்ணுதானே விரிசல் விட்டிருக்கு. வெளிய சொன்னா நம்ம பேரே போயிடும். அப்புறம் எவன் வாங்குவான்?"

"இதே துளை நாப்பதுலயும் இருக்கு, தம்பி."

அவன் ஃபிரேமைப் பார்க்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், பிறகு மெல்லப் போனை எடுக்கிறான். "மொதல்ல யாருக்குப் போன் போடட்டும்?"

"நாளைக்கு மலைக்குப் போறவங்க யாரோ, அவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் அரத்தைத் தேடுகிறாள்.