ராஜாவைத் தொட்ட கை

"மாசமா இருக்கறவளைத் தனியா விட்டுட்டு, அவ புருஷனை ராஜா சவத்தைத் தொடற வேலைக்கு அனுப்பறாளே, இவளும் ஒரு பொம்பளையா?"

ஃபூசி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கலோலைனேவுக்கும் கேட்டது.

மன்னர் இறந்து டோங்கா முழுக்கக் கறுப்பு உடுத்தியிருந்தது. சவ ஊர்வலப் பாதையில் விரிக்க மரப்பட்டைத் துணி வேண்டும். ஊர்ப் பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கிழங்குப் பசை தடவித் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலோலைனே நிமிரவில்லை. பசை தடவினாள்.

மன்னரின் உடலைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வது அவள் குலத்து ஆண்களின் உரிமை. அந்த உடலைத் தொட்ட கை அப்புறம் வேறு எதையும், யாரையும் தொடக் கூடாது. ராஜ கல்லறைக்குப் பக்கத்து வீட்டிலேயே தங்க வேண்டும். ஒரு வாய்க் கிழங்கைக்கூட யாராவது ஊட்டித்தான் விட வேண்டும். துக்கம் கழிய மாதக்கணக்கில் ஆகும்.

குலத்தில் கல்யாணமாகாத வாலிபர்கள் எத்தனையோ பேர். கலோலைனே தன் தம்பி மானாசேயின் பெயரைச் சொன்னாள். குலத் தலைவர் தயங்கினார். வீட்டிலேயே விலை உயர்ந்த சொத்தான தன் கல்யாணப் பாயைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்து, சம்மதம் வாங்கி வந்துவிட்டாள்.

அக்கா பேச்சைத் தட்டுகிற தம்பி எங்கள் தீவில் கிடையாது.

"எல்லாம் பெருமைதான்," என்றாள் இன்னொருத்தி. "என் தம்பிதான் ராஜாவை அடக்கம் பண்ணினான்னு காலம் பூரா சொல்லிக்கலாமே."

"மானாசே தங்கமான பையன்," என்றாள் ஃபூசி. "சர்ச்சுல அவன் பாடினா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும். வள்ளிக்கிழங்கு தோண்டற நேரம் இது. வயித்தைத் தள்ளிக்கிட்டு லூப்பேயா போய்த் தோண்டுவா?"

அந்த நேரம் பார்த்து மானாசேயின் மனைவி லூப்பேயே வாசலில் வந்து நின்றாள். துக்கத்துக்குக் கட்டிய பெரிய பாய் அவளைக் கழுத்து வரை மூடியிருந்தது.

"அக்கா, வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க. அவரு கேக்கச் சொன்னாரு."

"அவனே வந்து கேக்கட்டும்."

"உங்க முன்னால அவரு எப்படி எதிர்த்துப் பேசுவாரு?"

"அப்ப வாயை மூடிக்கிட்டுப் போகச் சொல்லு."

லூப்பேயின் முகம் வெளுத்தது. "நான் சரியாக் கேக்கலைன்னு..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் நின்றாள்.

ஃபூசிக்குப் பொறுக்கவில்லை. "உனக்குக் கல்லு மனசா கலோலைனே? அவ வயித்தைப் பார்த்தாவது இரங்கேன்."

"பசை காயுது. ஒட்டு," என்றாள் கலோலைனே.

சாயங்காலம் அரண்மனை லாரி வந்தது. மானாசே தலையைக் குனிந்தபடி ஏறினான். "உடம்பைப் பார்த்துக்க," என்று மனைவியிடம் சொன்னான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். லாரி போன பிறகு ஆளாளுக்கு லூப்பேயைக் கட்டிக்கொண்டார்கள். கலோலைனே பக்கம் யாரும் திரும்பவில்லை.

அவள் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"பாயை அவிழ். முதுகைக் காட்டு."

லூப்பே பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டுடி."

பாய் விழுந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை கன்றிப்போயிருந்தது. பழையது மஞ்சளாக, புதியது கறுப்பாக.

"உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?"

"போன பிள்ளை, நீ கிணத்தடியில வழுக்கி விழுந்ததால போச்சுன்னு ஊருக்குச் சொன்னே. குளிப்பாட்டிப் புதைச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"அடுத்த வீட்டு ஃபூசிக்கும் தெரியும் அக்கா. நான் கத்தினா ரேடியோவைப் பெருசா வெச்சுக்குவா."

கலோலைனே எண்ணெயைத் தொட்டு மெல்லத் தடவினாள். லூப்பே ஒவ்வொரு தொடுதலுக்கும் உடம்பைச் சுருக்கினாள்.

"நான் திட்டாத திட்டா? என் முன்னால அழறான். கால்ல விழறான். நான் தெரு முனை தாண்டறதுக்குள்ள கதவைச் சாத்தறான். உன்னை உங்க தீவுக்கு அனுப்பினேன். அங்கயும் வந்து அழுதான். உன்னைப் பெத்தவங்களே அவன்கூட அனுப்பி வெச்சுட்டாங்க. போலீஸ்காரன் குடும்ப விஷயம்னு சிரிக்கிறான். நான் என்னதான் பண்ணுவேன்? ராஜா செத்தாரு. அந்தக் கையைக் கட்ட எனக்குக் கிடைச்ச கயிறு அதுதான்."

லூப்பே திரும்பிப் பார்த்தாள்.

"துக்கம் முடியற வரைக்கும் அவன் கை எது மேலயும் படக் கூடாது. அதுக்குள்ள நீ பெத்துடுவே."

லூப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கலோலைனே தடுக்கவில்லை. அழுகை அடங்க நேரமாயிற்று.

"அதுக்கப்புறம் அக்கா?"

கலோலைனேயின் கை நின்றது.

"அதுக்கப்புறம் இன்னொரு ராஜா செத்தாத்தான் உண்டு. புது ராஜாவுக்குச் சின்ன வயசு."