ஒன்பதாம் பலகை

வெள்ளச்சி கடப்பாரையால் ஒரே நெம்பாக நெம்பி, ஒன்பது என்று எழுதியிருந்த பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தாள். முப்பத்தொரு வளைவுள்ள மலைப்பாதையில் அடிவாரத்திலிருந்து அவள் பிடுங்கிக்கொண்டு வந்த ஒன்பதாவது பலகை அது. மலையேற வருகிற டவுன்காரர்களுக்காகப் போன மாசியில்தான் கீழேயிருந்து ஒன்று, இரண்டு என்று நட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் ஒருத்தரையும் கேட்கவில்லை. ஊர்க்காரர்களின் கணக்கு உச்சியிலிருந்து இறங்கும். நோயாளியை டோலியில் தூக்கி இறங்குகிறவர்கள், வளைவுக்கு வளைவு தோள் மாற்றும்போது உரக்கச் சொல்லுகிற கணக்கு.

அவள் புருஷன் சடையனையும் அப்படித்தான் இறக்கினார்கள். அவனுக்கு மூச்சு முட்டியதும் அவள் ஆம்புலன்ஸுக்குப் போனில் கத்தினாள்: "ஒம்பதாவது வளைவுல இருக்கோம், ஆக்சிஜனத் தூக்கிட்டு வாங்க!"

"அங்கயே இருங்க, அசைக்காதீங்க" என்றார்கள். அதோடு சிக்னல் போய்விட்டது. அவர்கள் ஒன்பதாம் பலகையடியில் சிலிண்டரோடு காத்திருந்தார்கள். இவள் மேலே, உச்சியிலிருந்து ஒன்பதாவது வளைவில், சடையன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நாசமாப் போறவனுங்க" என்றாள், பலகை பிடுங்கிய குழியைப் பார்த்து. ஒன்பது என்று சொன்ன தன் வாயிலும் ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்த டவுன்காரன் கேட்டான்: "அக்கா, இது எத்தனாவது வளைவு?"

"எந்தக் கணக்குல கேக்குற? உங்க கணக்கா, எங்க கணக்கா?"

அவள் கடப்பாரையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, மலையே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இருவத்து மூணு!"