ஒரு ஆள் போதும்

“நான் செத்ததுக்கு அப்புறம் தனியா ஊர் சுத்தறதுக்கு இப்பவே ஏற்பாடா?”

வெர்லின் போட்ட கத்தலில் யூமா ஊர் வண்டிப் பட்டறையில் வேலையாக இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி ஆர்லிஸ் மட்டும் திரும்பவில்லை. வீட்டு வண்டியை மட்டமாகத் தாங்கி நிறுத்த அடியில் மாட்டும் இரும்புக் கால் ஒன்று காட்சிக்கு இருந்தது; அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரன்ட்ல இறங்கற கால் நல்லதா, எண்ணெய்ல இறங்கறதா?” என்று விற்பனையாளன் ரிகோவைக் கேட்டார்.

“கரன்ட் கால் லேசு. ஆனா மெதுவாத்தான் இறங்கும். உங்க வண்டி கனத்துக்கு எண்ணெய்தாங்க. மொத்தம் ஆறு கால். பொத்தானை அமுக்கிட்டு நீங்க காபி போடப் போயிடலாம். மேடு பள்ளம் பாத்து வண்டி தானா மட்டமாயிடும்.”

“பத்து வருஷமா என் பலகை மேல இந்த வண்டி மட்டமா நிக்கலையா?” என்றார் வெர்லின்.

வடக்கு டகோட்டாவில் பண்ணையை விற்றுவிட்டு, பிக்கப் லாரியின் முதுகில் மாட்டி இழுக்கும் இந்த நீள வீட்டு வண்டியிலேயே அவர்கள் குடியேறிவிட்டார்கள். எந்த ஊரில் நிறுத்தினாலும் முறை ஒன்றுதான். வெர்லின் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுவார். ஆர்லிஸ் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு பின்னால் நின்று, இன்னும் எவ்வளவு என்று குரல் கொடுப்பார். குமிழி நடுவுக்கு வராவிட்டால் தப்பு ஆர்லிஸுடையது.

நேற்று சாயங்காலமும் அப்படித்தான். வீட்டு வண்டிகள் நிற்கும் முகாமில் ஒரு வரிசை ஜனம் முழுக்க மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தது. “கண்ணு அவிஞ்சு போச்சாடி உனக்கு?” என்று வெர்லின் கத்தியதும் யாரோ ஒருவன் கைதட்டினான்.

ஆர்லிஸ் ரசமட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். அதற்குப் பிறகு பேசியது காலையில், ஒரே ஒரு வாக்கியம்: “யூமா பட்டறைக்கு வண்டியை விடு.”

வெர்லின் விளம்பரத் தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. “என்ன எழவு எழுதியிருக்கான், படி” என்று மனைவியிடம் நீட்டினார்.

“‘ஒரு ஆள் போதும்.’” ஆர்லிஸ் வெறும் கண்ணாலேயே படித்துவிட்டு ரிகோவைப் பார்த்தார். “நிஜமாவே போதுமா? பின்னாடி ஒருத்தர் நிக்க வேண்டாமா?”

“வேண்டவே வேண்டாங்க. பிக்கப்பைக் கழட்டின உயரத்தைக்கூட அது ஞாபகம் வெச்சுக்கும். திரும்ப மாட்டறப்ப அதே உயரத்துக்கு வந்து நிக்கும்.”

“ரிமோட்ல எழுத்து பெருசா இருக்குமா? கண்ணாடி இல்லாம தெரியணும்.”

“பாத்தியா, பாத்தியா!” வெர்லினின் கழுத்து நரம்பு புடைத்தது. “எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கா. போன வருஷம் நெஞ்சடைப்புக்குக் கம்பி வெச்சாங்களே, அன்னிக்கே என்னைக் கணக்குலேர்ந்து கழட்டிட்டா!”

“கத்தாதே வெர்லின்.”

“அப்படித்தான் கத்துவேன்! என் வண்டி, என் தொண்டை!”

“அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது” என்றார் ஆர்லிஸ்.

ரிகோ நடுவே புகுந்தான். “சார், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த மெஷின் எத்தனையோ கல்யாணத்தைக் காப்பாத்தியிருக்கு.”

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். வெர்லினுக்கு நேற்றைய கைதட்டல் ஞாபகம் வந்தது. மனைவியைப் பார்த்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

கோபம் அடங்கவில்லை. ஆனால் அது போக இடமில்லாமல் தடுமாறியது. ஒருவேளை இது இவள் சமாதானத்துக்கு வரும் வழியோ என்னவோ. மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

“மாட்டித் தொலை!” என்று ரிகோவிடம் கத்தினார். “அந்த எண்ணெய்க் காலையே மாட்டு.” பிறகு மனைவி பக்கம் திரும்பாமல், “இனிமே உன்னைப் பாத்துக் கத்த வேண்டியிருக்காது” என்றார்.

“ஆமா, இருக்காது” என்றார் ஆர்லிஸ்.

“ரெண்டு நாள்ல வண்டி தயார்” என்ற ரிகோ, மாதிரி ரிமோட்டை ஆர்லிஸிடம் நீட்டினான். “எப்படி அமுக்கறதுன்னு இப்பவே காட்டிடறேன், வாங்க.”

ஆர்லிஸ் அதை வாங்கி வெர்லினின் உள்ளங்கையில் வைத்தார். எழுத்துகள் கொட்டை கொட்டையாக இருந்தன. கண்ணாடி இல்லாமலேயே வெர்லினுக்கு எல்லாம் தெரிந்தது.

“இவருக்குச் சொல்லிக் குடுங்க” என்றார் ஆர்லிஸ் ரிகோவிடம். “பொறுமையா. கத்தினா கண்டுக்காதீங்க.”

வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஆர்லிஸ் காலையில் வண்டியிலிருந்து இறக்கிவைத்த நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ரெண்டு நாளைக்கு ஓட்டலுக்குப் போக டாக்சியையும் சொல்லிவைத்திருக்கிறாள் என்று வெர்லின் நினைத்தார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

“பெட்டியை என்கிட்ட குடு. என் சட்டை, மாத்திரை எல்லாம் எடுத்து வெச்சியா?”

“இதுல என் துணி மட்டும்தான் இருக்கு, வெர்லின்.”