இத்தாலிப் பாசை

"குணலட்சுமி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறீட்டாள், ஐயா!"

உரும்பிராயில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் பத்மாவதிக்குத்தான் மூச்சிரைக்கும். அன்று அவள் மூச்சிரைக்க வந்து நின்றது பிள்ளையார் கோயில் மனேச்சர் நாகலிங்கத்தாரின் முன்னால்.

"நீர் கண்டனீரோ?"

"என்ரை கண்ணாலை! சனிக்கிழமை தவறாமல் ரண்டு பெட்டையளையும் கன்னியர் மடத்துக்குள்ளை விட்டிட்டு வாறாள். நேற்றுச் சின்னவளுக்கு ஒரு மாம்பழம் குடுத்தன். 'கிராட்சியே' எண்டாள். செபம் ஐயா, செபம்!"

"சிவ சிவா" என்று நாகலிங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னேரம் பிள்ளைகளோடும் அர்ச்சனைத் தட்டோடும் வந்த குணலட்சுமியை வாசலிலேயே மறித்தார்.

"ஐயா, இவையின்ரை அப்பா எங்களை இத்தாலிக்குக் கூப்பிட்டிருக்கிறார். வாற மாதம் கிளாலிக் கடல் தாண்டிப் பிளேன் ஏற வெளிக்கிடுறம். அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் வாய் திறக்க வேணுமெல்லோ? சிஸ்டர் ஸ்ரெல்லா ரோமிலை படிச்சவ. பாசை மட்டுந்தான் சொல்லிக் குடுக்கிறா."

"முதலிலை பாசை வரும். பிறகு சிலுவை வரும். உந்தப் பிள்ளையள் இனி இஞ்சை தேவாரம் பாட வேண்டாம். அர்ச்சனையும் இல்லை."

குணலட்சுமி பிள்ளைகளோடு வீதியில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கிழமை பத்மாவதிக்கு ஊரில் நல்ல மதிப்பு. கிணற்றடியில் அந்தச் 'செபத்தை' அவள் நீட்டி முழக்கிச் சொல்ல, சனம் வாய் பிளந்து கேட்டது. தண்ணீர் அள்ள வந்த கனகாம்பிகை மட்டும், "உள்ளை என்ன நடக்குதெண்டு பாத்தனியோ?" என்று கேட்டுவிட்டாள்.

பத்மாவதிக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மடத்து மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

முழங்காலில் ஒருவரும் இல்லை. கரும்பலகையில் பாண், தண்ணீர், நன்றி என்று எழுதி, பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே இத்தாலியனும் எழுதியிருந்தது. 'நன்றி'க்கு நேரே அந்தச் 'செபம்': கிராட்சியே. முன் வாங்கில் குணலட்சுமியின் பெட்டைகள்.

பின் வாங்கில், நெற்றியில் திருநீறு இல்லாமல், மடியில் கொப்பியோடு நாகலிங்கத்தார்!

"ஐயா இந்த ஆறு மாதத்திலை நல்லாய்த் தேறீட்டார்" என்று சிஸ்டர் சிரித்தார். "பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மிலானுக்குப் போகேக்கை ஐயாதானே கதைக்க வேணும். எங்கை, தண்ணி கேளுங்கோ பாப்பம்!"

நாகலிங்கத்தார் எழும்பிக் கைகட்டி நின்றார். தேவாரம்போலவே இராகம் இழுத்தார்.

"ஆக்குவா... பேர் ஃபவோரே..."

வகுப்பு விட்டதும் பத்மாவதி மூத்த பெட்டையை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"எடி பிள்ளை, உந்த மனிசன் ஆறு மாதமாய் உங்களோடையோ படிக்குது?"

"ஓம் மாமி."

"அண்டைக்குக் கோயில் வாசலிலை உங்களை அந்தப் பேச்சுப் பேசேக்கை, இதை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

பெட்டை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாதான் சொல்ல வேண்டாமெண்டவ, மாமி. உங்கடை காதிலை விழுந்தால், பாவம், வயதுபோன மனிசன் ஊருக்குள்ளை தலை நிமிர்ந்து நடக்கேலாதாம்."