மஞ்சளுக்கு மேல் கறுப்பு

மீட்டர் இருநூற்று அறுபது காட்டியது.

யாகொடா அதைக் கதவில் வைத்துப் பார்த்தாள், பானெட்டில் வைத்தாள், கை நீட்டிக் கூரையிலும் வைத்தாள். எல்லா இடத்திலும் அதே கதைதான். கம்பெனியில் அடித்த பெயிண்ட் என்றால் நூற்றிருபதைத் தாண்டாது.

போலந்தின் ராடோம் நகரத்துப் பழைய கார்ச் சந்தைக்குப் பெயிண்டின் கனம் பார்க்கும் மீட்டர் இல்லாமல் யாரும் வருவதில்லை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

"வண்டி முழுக்கப் புதுசா அடிச்சிருக்கீங்களே," என்றாள்.

"அழகுக்குத்தான் மேடம்," என்றான் விற்க வந்த செசாரி. "ஒரு ஜெர்மன்காரன் வச்சிருந்தது. விக்கும்போது தேம்பித் தேம்பி அழுதான்."

அந்தச் சந்தையில் எல்லாக் காருக்கும் அழுத ஜெர்மன்காரன் ஒருவன் உண்டு. யாகொடா சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் மிரோனும் சிரித்து வைத்தான்.

இந்த வண்டி அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தருவது. மூன்று வருடம் ஊராருக்குத் திரைச்சீலை தைத்துச் சேர்த்திருக்கிறாள்.

மூன்று வருடம் முன்னால் அவர்களுடைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வீட்டு வாசலிலிருந்து காணாமல் போனது. அன்றையிலிருந்து மிரோன் மனம்விட்டுப் பேசியதில்லை. யாராவது காரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். பாவம், துக்கம் ஆறவில்லை என்று அவள் நினைத்தாள்.

தப்பு நிறத்தின் மேல்தான் என்பது அவள் முடிவு. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். திருடன் சும்மா விடுவானா? அதனால் அதே மாடலில் ஒரு சிவப்பையும் இரண்டு மஞ்சளையும் கழித்துக் கட்டிவிட்டு இந்தக் கறுப்பைப் பிடித்திருந்தாள்.

"எனக்கு எதுக்கு காரு?" என்று மிரோன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்டால்தானே.

அவள் கதவைத் திறந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கதவு ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்பினாள்.

உள்ளே மஞ்சள்.

மஞ்சளுக்கு நடுவே பட்டாணி அளவு ஒரு பொட்டு, கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சளில். ஒருமுறை அந்த ரப்பரை மாற்றும்போது ஸ்க்ரூடிரைவர் நழுவிப் பெயர்த்த இடம். அதே மஞ்சள் கடையில் கிடைக்காமல் அவள் தன் நகப்பூச்சை வைத்து அடைத்திருந்தாள்.

"மிரோன்!" என்று கூவினாள். "நம்ம வண்டிடா இது! இங்க பாரு, என் நெயில் பாலிஷ்!"

மிரோன் பார்த்தான்.

துண்டு துண்டாக வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று, திருடுவதுபோல் வண்டியை எடுத்துப்போக அவனே ஏற்பாடு செய்த அந்தப் பாவி தன் தாயின் மேல் சத்தியம் செய்திருந்தான். அவனுடைய மரப்பட்டறை கடனில் மூழ்கப் போன வருடம் அது. இன்சூரன்ஸ் பணம்தான் பட்டறையைத் தூக்கி நிறுத்தியது. வண்டி இரும்பாகிப் போனது என்று நம்பித்தான் அவன் இத்தனை நாள் தூங்கினான்.

"வேண்டாம் யாகொடா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றான்.

அவள் காதில் எங்கே விழுந்தது! அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள். அழுதுகொண்டே போனை எடுத்துப் போலீசுக்கு அடித்தாள். மூன்று வருடத் துக்கத்தை ஒரே நாளில் புருஷனுக்குத் தீர்த்து வைக்கப் போகிற பெருமை அவள் முகம் முழுக்க இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

செசாரிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"திருட்டு வண்டியா? யாரைப் பாத்து என்ன பேசறீங்க?" பையில் கைவிட்டு எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "இந்தாங்க, ஒரிஜினல் சாவி! திருடனுக்கு எவனாவது சாவி குடுத்து அனுப்புவானா மேடம்?"

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

யாகொடா சாவியைப் பார்த்தாள். அதன் கறுப்புப் பிளாஸ்டிக்கில் நாலு பல் பதிந்திருந்தது. குட்டியாக இருந்தபோது அவர்கள் வீட்டு நாய் கடித்த மாற்றுச் சாவி. மீன் பிடிக்கப் போனபோது ஆற்றில் விழுந்துவிட்டது என்று மிரோன் இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த சாவி. அந்தக் கடிதத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

"சொல்லுங்க, கேக்குது," என்றது போன்.

அவள் மெல்லத் திரும்பி மிரோனைப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதனை யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"மன்னிக்கணும் சார், திருட்டுப் போன எங்க வண்டின்னு தப்பா நினைச்சுட்டேன்," என்றாள் அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்க வண்டி மஞ்சள். இது கறுப்பு."