வெளியேறும் வழி

ஜெயசீலியை வீட்டிலிருந்து வெளியேற்ற வந்த இயந்திரத்தின் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வாசலில் நின்று, "அம்மா, மாற்றுத்திறனாளிகளைத் தூக்கி வெளியேற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்கள் சக்கர நாற்காலியிலேயே இறங்கி வாருங்கள். காத்திருக்கிறேன்" என்றது.

வாசற்படிகளின் மேல் அவள் போட்டிருந்த சிமெண்ட் சாய்வுதளத்தை அது கைகாட்டியது. அனுமதியில்லாமல் அதைப் போட்டாள் என்பதுதான் வீட்டுக்காரரின் புகாரே.

அவள் வீட்டுவசதி உதவி மையத்துக்குப் போன் செய்தாள். அங்கும் இயந்திரம்தான். "சக்கர நாற்காலி ஏறும் வீடு தூத்துக்குடியில் ஒன்றே ஒன்று இருக்கிறது" என்றது. அது சொன்ன முகவரியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். "இன்று காலியாகிவிடும். வீடில்லாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம்."

"நாசமாப் போ!" என்று போனை வைத்தவள், பக்கத்து வீட்டுக் கொத்தனார் பொன்னுத்துரையைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கடப்பாரைய எடுத்துட்டு வாங்க. நீங்க போட்டுக் குடுத்த சாய்வ உடைங்க."

"ஏம்மா, அப்புறம் நீ எப்படி வெளிய வருவ?"

"வர முடியக் கூடாதுன்னுதான் உடைக்கச் சொல்லுதேன்."

அவர் உடைத்தார். இயந்திரம் மரியாதையாக ஒதுங்கி நின்றது. படிகள் மறுபடியும் வெளியே தெரிந்ததும், "வெளியேறும் வழி இல்லை. சாய்வுதளம் கட்டி முடித்ததும் வருகிறேன், அம்மா" என்று திரும்பிப் போனது.

பொன்னுத்துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணே, கட்டுததுக்கு ஆள் அனுப்புவானுவ. கடப்பாரைய உள்ள வச்சிட்டுப் போங்க."