புதுவீட்டுப் பெயர்

குடும்பப் புத்தகத்தில் சுகிர்தனின் விரல் ஒரு சின்ன வட்டத்தின் மேல் நின்றுவிட்டது.

ஹைன்ரிஷ் நீஹூஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால், ஒரு வட்டம்.

நிமிர்ந்து பார்த்தான். அதே ஹைன்ரிஷ் நீஹூஸ் எதிரே உட்கார்ந்து ஆப்பிள் கேக்கைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். பிரிட்டாவின் அப்பா. இன்னும் ஐந்து கிழமையில், கல்யாணமானதும், இவனுக்கு மாமா.

வட்டம் போட்டவர்கள் வெளியிலிருந்து வந்து இந்தப் பண்ணையின் பெண்ணைக் கட்டியவர்கள் என்று சற்று முன்னர்தான் அவர் விளக்கியிருந்தார். அப்படி வருகிறவன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். பெயர் வீட்டுக்குச் சொந்தம். ஆள்தான் வந்து போவான்.

நீஹூஸ் என்றால் புதுவீடு. பழைய வீடு எரிந்தபின் கட்டியதாம். நானூறு வருடமாகப் புதுவீடாகவே இருக்கிறது.

குடும்பப் புத்தகத்தில் பதினான்கு தலைமுறை. இவன் முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய் வட்டங்களை எண்ணினான்.

எட்டு.

இரத்தம், பரம்பரை, கலப்பில்லாத குடும்பம் என்று மூன்று வருடமாக இவன் பயந்து நடுங்கிய பெயர். அதில் பாதிக்கு மேல், இவனைப்போல வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள். ஒருவன் எங்கிருந்தோ வந்த படைவீரன். ஒருவன் தச்சன் வீட்டுப் பையன். அவர்களுக்கு முன்பு என்ன பெயர் என்று புத்தகத்தில் எங்குமே இல்லை.

சிரித்திருக்கலாம். ஹைன்ரிஷின் பெயருக்குக் கீழே பார்வை போகாமல் இருந்திருந்தால்.

அங்கே ஒரு வெற்று வரி. பக்கத்தில் வட்டம் ஏற்கெனவே போட்டாயிற்று.



ஹைன்ரிஷ் கேக் தட்டைத் தள்ளிவிட்டுத் திருமணப் பதிவுப் படிவத்தை இவன் முன்னால் வைத்தார். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனாவையும் மூடியைக் கழற்றி வைத்தார். நல்ல மனிதர், அவசரக்காரர்.

பெயர் இல்லாமல் பண்ணை இல்லை என்பது அவர் கட்சி. பண்ணையை விட்டு எங்கும் வரமாட்டேன் என்று பிரிட்டா பழகிய முதல் மாதமே சொல்லியிருந்தாள். அப்போது அது அழகாக இருந்தது.

பெண் வீட்டில் போய் இருப்பது இவனுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் வீடுதான் சீதனம். இவன் அப்பாவும் அப்படிப் போனவர்தான். ஆனால் பெயரை வாசல் படலையில் கழற்றி வைத்துவிட்டு வா என்று அங்கே எந்த மாப்பிள்ளையிடமும் யாரும் சொன்னதில்லை.

அதுவும் இவனிடம் இருப்பது இவனுடைய பெயரே இல்லை.

ஜெர்மனிக்கு வந்திறங்கிய அன்று, சுகிர்தன் என்பதை ஒரு கட்டத்தில் போட்ட அதிகாரி, அப்பாவின் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து இந்த ஊரில் இவன் வைத்திலிங்கம். வங்கியில் வைத்திலிங்கம், பல் டாக்டரிடம் வைத்திலிங்கம். தொழிற்சாலை ஒலிபெருக்கியில் அதைக் கடித்துக் குதறித்தான் துப்புவார்கள். இருந்தாலும் வைத்திலிங்கம்.

அப்பா வைத்திலிங்கம், போரின் கடைசிக் கிழமையில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்து ஒரு பஸ்ஸில் ஏறியவர். இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. கல்லறை கிடையாது. மரணச் சான்றிதழை வாங்கமாட்டேன் என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா இனி இல்லை என்று இவன் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனாலும் அந்தப் பெயரை இன்னும் உரக்கக் கூப்பிடுகிற ஒரே இடம் அந்தத் தொழிற்சாலைதான். ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்காக இவன் எழுந்து போவான்.

"கல்யாணத்துக்கு முன்பு உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டான்.

ஹைன்ரிஷ் வாயைத் திறந்தார். மூடினார். யோசித்தார்.

உண்மையாகவே யோசித்தார்.

அவர் சொல்வதற்குள் குசினியிலிருந்து அவர் மனைவி சொல்லிவிட்டார். ஹைன்ரிஷ் தலையாட்டினார், யாரோ அயலூர்க்காரரின் பெயரைக் கேட்டவர்போல.

அந்த மனிதருக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார்.

போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். கிளிநொச்சியில் அம்மா விளக்கு வைத்துவிட்டு இருக்கும் நேரம். படிவத்தைச் சொன்னான். பண்ணையைச் சொன்னான். எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வரும் என்பதைக் கடைசியில்தான் சொன்னான்.



அம்மா அழட்டும் என்று நினைத்தான். திட்டட்டும். என்ர உயிர் இருக்குமட்டும் விடமாட்டன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை அப்படியே கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துவிடலாம். அதற்காகத்தான் கூப்பிட்டோம் என்பது அப்போதுதான் இவனுக்கே தெரிந்தது.

மேசை லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. ஏதோ தாள் சரசரத்தது.

"அந்தப் புதுப் பேரை ஆறுதலாச் சொல்லு தம்பி, எழுதி வைக்கிறன். அப்பா வந்து நிண்டு கேட்டா, உன்னை எந்தப் பேரில தேடுறதெண்டு நான் சொல்லோணுமெல்லோ."